மேனேஜர் சாப்பிட மறுத்த வாரம்

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் காக்ஸ் டவுன் மெடிக்கல் ஷாப்பில் போய் நின்று, "சிரிஞ்சு ஒண்ணு குடுங்க. ஊசி வேண்டாம்" என்றேன்.

கடைக்காரர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "யாருக்கு மேடம்?"

"வீட்ல ஒருத்தர் ரெண்டு நாளா சாப்பிட மாட்டேங்கறார். வாய் வழியா குடுக்கணும்."

"அய்யோ பாவம். வயசானவரா?"

"ஒண்ணரை வயசு."

"கொழந்தைன்னு சொல்லுங்க. அதுக்கு எதுக்கு சிரிஞ்சு? பாலாடை இருக்கு, ஸ்பூன் இருக்கு..."

"குழந்தை இல்லைங்க. கினிப் பன்றி."

மூன்று சிரிஞ்சுகளைக் கவரில் போட்டுக் கொடுத்தார். கண்ணில் இரக்கம் தெரிந்தது. பன்றிக்கான இரக்கமாகத் தெரியவில்லை.

கினிப் பன்றி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு... வால் இல்லாத ஒரு பிராணி. எலி என்று ஆரம்பித்து, முயல் என்று மனதை மாற்றிக்கொண்டு, பாதியிலேயே விட்டுவிட்ட மாதிரி இருக்கும். இது எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது? ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவரை சிவாஜிநகருக்கு மட்டன் வாங்க அனுப்பினேன். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியோடு வந்தார். அன்று மதியம் ரசமும் அப்பளமும் சாப்பிட்டோம்.

பெயர் வைத்தவரும் அவர்தான். நாள் முழுக்க உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாது. எதையாவது மென்றுகொண்டே இருக்கும். ஃப்ரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து நின்று விசில் அடித்து, நம்மை வேலை வாங்கும். "அப்படியே எங்க மேனேஜர்" என்றார் கணவர். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது 'அவர்' ஆகிவிட்டது. நானும் மரியாதையாகவே எழுதுகிறேன். இனி நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதம் முன்னால் கணவரை ஆன்சைட் அனுப்பினார்கள். இந்த ஊர் சாஃப்ட்வேர்காரர்களுக்கு அமெரிக்கா போவதென்றால் ஒரு சம்பிரதாயம் உண்டு. ஸ்கூட்டரை ஒருவரிடம், டி.வி.யை ஒருவரிடம், தொட்டிச் செடிகளை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். இவர் மேனேஜரை என்னிடம் ஒப்படைத்தார். கூடவே மூன்று பக்கக் குறிப்பு. நம்பர் போட்டு, பிரிண்ட் எடுத்து, மேலே 'வெர்ஷன் 1.2' என்று போட்டது.

நான் கடைசி வரியை மட்டும் படித்தேன். 'சந்தேகம் இருந்தால் கேள்.' எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. ஒரு ஜீவனுக்குச் சாப்பாடு போட மூன்று பக்கமா?

தினமும் காலை ஏழு மணிக்கு அமெரிக்காவிலிருந்து போன் வரும். முதல் கேள்வி, "மேனேஜர் சாப்ட்டாரா?" இரண்டாவது கேள்வி, "நல்லா சாப்ட்டாரா?" அதற்குள் போன் கார்டில் நிமிடங்கள் தீர்ந்துவிடும். பதினோரு வருடக் குடித்தனத்தில் எனக்குப் போட்டியாக ஒருத்தி வந்திருந்தால்கூட இவ்வளவு அவமானப்பட்டிருக்க மாட்டேன்.

மேனேஜர் நன்றாகத்தான் சாப்பிட்டார். எங்கள் காம்பவுண்டில் சாப்பிடாமல் யாரும் தப்பிக்க முடியாது. வீட்டு ஓனர் ஸ்டெல்லா ஆன்ட்டி ரிடையர்ட் எல்.கே.ஜி. டீச்சர். ஒரு ஆளைப் பார்த்தால், அவர் பசியோடுதான் இருப்பார் என்று முடிவு செய்துவிட்டுத்தான் பெயரையே கேட்பார். மாடி போர்ஷன் சாவித்ரம்மா கன்னடக்காரர். கேட்காமலேயே தட்டோடு இறங்கி வருவார். போஸ்ட்மேன், மீட்டர் ரீடர், கேஸ் சிலிண்டர்காரர்... எங்கள் கேட்டைத் தாண்டியவர் வெறும் வாயோடு திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. வராந்தாவில் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தவரை விடுவார்களா?

சிரிஞ்சு வாங்கியதற்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். விசில் வரவில்லை.

மூடிவிட்டு, மறுபடி திறந்தேன். வரவில்லை.

வராந்தாவுக்குப் போனால், மேனேஜர் மூலையில் முடியைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேரட் வைத்தேன். வந்தார், முகர்ந்தார், வாயைத் திறந்தார், அப்படியே விட்டுவிட்டுத் திரும்பிப் போனார். சர்ச் முடிந்து வந்த ஸ்டெல்லா ஆன்ட்டி கேக் வைத்தார். அதற்கும் வந்தார், முகர்ந்தார், திரும்பிப் போனார். பசி இல்லாதவர் இப்படி ஒவ்வொரு தடவையும் எழுந்து வருவாரா?

திங்கட்கிழமை சாயந்திரம் நானும் ஆன்ட்டியும் கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்த டாக்டரம்மா வயிற்றைத் தடவிப் பார்த்தார். "இது விரதம் இருக்கற ஜாதி இல்லம்மா. வயிறு காலியா இருந்தா குடல் நின்னுடும். நின்னா அவ்ளோதான். பின்னாடி இருக்கற பல்லைப் பார்க்கணும்னா மயக்க மருந்து குடுக்கணும். இப்ப இருக்கற நிலைமைல தாங்காது. வியாழக்கிழமை பார்க்கலாம். அதுவரைக்கும் புல்லும் கொத்தமல்லியும் நைசா அரைச்சு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சிரிஞ்சுல குடுங்க. தெனம் எடை பாருங்க. எடை எறங்கவே கூடாது."

"பொதுவா என்ன சாப்பிடும்?" என்று கேட்டார்.

"எல்லாமே சாப்பிடுவார் டாக்டர்" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். டாக்டரம்மா என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு என்னவோ எழுதிக்கொண்டார்.

புல்லுக்கு எங்கே போவது? சிவாஜிநகரில் ஆட்டுக்கு விற்பார்கள். செவ்வாய்க்கிழமை சிரிஞ்சு வாங்கிய கையோடு அங்கே போய், ஒரு கட்டு கேட்டேன்.

"எத்தினி ஆடு வச்சிருக்கீங்க?" என்றார் புல் கடைக்காரர்.

"ஒண்ணு."

"எவ்ளோ பெருசு?"

இரண்டு கையாலும் அளவு காட்டினேன். அவர் என் கைகளுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கட்டைப் பிரித்துப் பாதியைக் கொடுத்தார்.

ஆபீசுக்கு லீவு சொன்னேன். காரணம்: குடும்பத்தில் ஒருவருக்கு உடல்நலக் குறைவு. இதில் பொய் எங்கே இருக்கிறது?

சட்னி ஜாரில் புல்லை அரைத்திருக்கிறீர்களா? அரைக்காதீர்கள். அந்த வாசனை இன்னும் போகவில்லை. ஸ்டெல்லா ஆன்ட்டி ஒரு பழைய டவலோடு வந்து சேர்ந்தார். "முப்பத்தஞ்சு வருஷம் டிபன் பாக்ஸைக் காலி பண்ண வச்சவ நான். இவன் எம்மாத்திரம்?" என்று மேனேஜரைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். "வாயைத் தொற ராஜா. ஒரே ஒரு வாய். யாரு குட் பாய்?"

ராஜா வாயைத் திறக்கவில்லை. நான் முன்பல் பக்கமாக சிரிஞ்சை நீட்டி அழுத்தினேன். பச்சைச் சாறு ஒரு கோடாகப் பறந்து, ஆன்ட்டியின் கண்ணாடியில் பாதியும் சுவரில் மீதியுமாக உட்கார்ந்தது. அடுத்த தடவை என் நைட்டியில். அதற்கடுத்து, என்னவோ அதிசயமாக, கொஞ்சம் அவர் வாயில். உடனே துப்பினார்.

நாற்பது நிமிடத்தில் உள்ளே போனது இரண்டு மில்லி இருக்கும். சிரிஞ்சை நேராக நீட்டக் கூடாது, பல்லுக்குப் பக்கவாட்டில் இருக்கும் இடைவெளியில் நுழைத்து, சொட்டுச் சொட்டாகக் கொடுத்து, அவர் விழுங்கும் வரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்பது மதியத்துக்குள் புரிந்தது. வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டியது நான். அதுதான் கஷ்டமாக இருந்தது. மேனேஜர் டவலுக்குள்ளிருந்து என்னைப் பார்த்த பார்வையில், இந்த வருடம் எனக்கு இன்க்ரிமெண்ட் இல்லை என்று தெளிவாகத் தெரிந்தது.

அன்று காலை போனில் கணவர் கேட்டபோது, "சாப்ட்டார்" என்று சொல்லியிருந்தேன். அதற்கு முந்தின நாளும் அதையேதான் சொன்னேன். எட்டாயிரம் மைல் தள்ளி இருப்பவரிடம் வேறு என்ன சொல்வது?

எடை பார்க்க ஆன்ட்டி, கேக்குக்கு மாவு நிறுக்கும் தராசைத் தந்துவிட்டார். புதன்கிழமை காலை அதில் ஏற்றினேன். இருபது கிராம் இறங்கியிருந்தது. முந்தின நாள் முழுக்க ஊட்டியதற்கு அதுதான் பலன். மறுநாள் மயக்க மருந்து. தராசுத் தட்டில் அவர் ஓடாமல், துள்ளாமல், வைத்தது வைத்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்குப் பயம் வந்தது. வெறும் எலி என்று நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்... ஆனாலும் அவரைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து போன்.

"மேனேஜர் சாப்ட்டாரா?"

"இல்ல" என்றேன். "ஞாயித்துக்கிழமைலருந்து சாப்பிடல. நான் பொய் சொன்னேன். சிரிஞ்சுல குடுக்கறேன், துப்பறார். எடை கொறைஞ்சுடுச்சு. நாளைக்கு மயக்க மருந்து குடுக்கப் போறாங்க. தாங்குமான்னு தெரியல."

திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"நீ சாப்ட்டியா?" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். முந்தின நாள் மதியத்துக்கு அப்புறம் நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. அழுதேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. அழுதேன்.

அன்றைக்கு முழுக்க நானும் ஆன்ட்டியும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆன்ட்டி கொஞ்சினார், மிரட்டினார், ஜெபம் செய்தார். நான் சொட்டுச் சொட்டாக அழுத்தினேன். வியாழக்கிழமை காலை தராசில் பத்து கிராம் ஏறியிருந்தது. ஜென்மத்தில் எந்தத் தராசிலும் முள் ஏறியதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டதில்லை.

மயக்க மருந்து கொடுத்து வாயைத் திறந்து பார்த்த டாக்டரம்மா எங்களை உள்ளே கூப்பிட்டார். கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமும் உள்நோக்கி வளர்ந்து நாக்கை அழுத்திக்கொண்டிருந்தன. "இந்தப் பிராணிக்குப் பல்லு சாகற வரைக்கும் வளரும்மா. நாள் முழுக்கப் புல்லை மென்னுதான் அது தேயணும். உண்மையைச் சொல்லுங்க, என்ன குடுத்தீங்க?"

ஸ்டெல்லா ஆன்ட்டி முதலில் ஒப்புக்கொண்டார். கேக், பாலில் நனைத்த ரஸ்க். மாடியிலிருந்து சப்பாத்தி, அவ்வப்போது உப்புமா. நான்? தினமும் காலை ஒரு இட்லி. பூ மாதிரி இருக்கும் என் இட்லி. அப்படி ஊர் முழுக்கப் பெயர் வாங்கியது.

"புல்லு?"

நான் ஆன்ட்டியைப் பார்த்தேன். ஆன்ட்டி என்னைப் பார்த்தார். "நீ போடறேன்னு நெனச்சேம்மா" என்றார். நான் அவர் போடுகிறார் என்று நினைத்திருந்தேன். கைப்பையில் மடித்து வைத்திருந்த வெர்ஷன் 1.2-ஐ அப்போதுதான் பிரித்தேன். ஒன்றாம் நம்பர்: 'தினமும் புல். வேறு எது இல்லாவிட்டாலும் புல்.' இரண்டாம் நம்பர்: 'யார் என்ன கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லவும்.'

இரண்டு மாதமாக ஒரு காம்பவுண்டே சேர்ந்து, பாசத்தால் ஒரு ஜீவனைப் பட்டினி போட்டிருக்கிறது. நாம் இப்படித்தான். பிடித்த ஆளைக் கண்டால் நமக்குத் தெரிந்த ஒரே காரியம் வாயில் எதையாவது திணிப்பது. உனக்கு என்ன வேண்டும் என்று கேட்பது நமக்கு ஏதோ மரியாதைக் குறைவு. வேண்டாம் என்றால் கூச்சப்படுகிறார் என்று இன்னொரு கரண்டி. கேட்டால், அன்பு என்போம்.

டாக்டரம்மா பல்லை ராவிவிட்டார். மேனேஜர் கண் விழிக்க ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தை நான் விவரிக்கப் போவதில்லை. தானாகச் சாப்பிடும் வரை சிரிஞ்சை நிறுத்தாதீர்கள் என்றார் டாக்டரம்மா.

"ஒரு துளி கேக்குகூட ஆகாதா டாக்டர்?" என்று கேட்டார் ஆன்ட்டி.

"ஆகாது."

ஆன்ட்டி வீட்டுக்கு வந்ததும் பழைய சிலேட்டு ஒன்றைத் தேடி எடுத்து, டீச்சர் கையெழுத்தில், 'இவருக்கு யாரும் எதுவும் கொடுக்க வேண்டாம்' என்று தமிழிலும் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதிக் கூண்டில் மாட்டினார். மாட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் வாழ்க்கையில் எழுதிய மிகக் கொடூரமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். மறுநாள் காலை, சர்ச் மதிலோரம் பறித்த அருகம்புல் ஒரு கைப்பிடி கூண்டுக்குள் கிடந்தது.

வெள்ளி, சனி, ஞாயிறு... சிரிஞ்சு, டவல், நைட்டி, சுவர்.

இந்தத் திங்கட்கிழமை காலை ஏழு மணி. "சாப்ட்டாரா?"

போனை அப்படியே வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய் ரிசீவரைக் கூண்டுக் கம்பியில் வைத்தேன். உள்ளே மேனேஜர் ஒரு நீளப் புல்லை நுனியில் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். கருக், கருக், கருக். அமெரிக்காவில் ஒரு மனிதர் கார்டு நிமிடங்களைச் செலவழித்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. ஜலதோஷம் என்று பிற்பாடு சொன்னார்.

"சரி... நீ சாப்ட்டியா?"

"இனிமேதான்" என்றேன்.

உள்ளே போய் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். வராந்தாவிலிருந்து விசில் பறந்து வந்தது. உள்ளே முந்தின நாள் இட்லி இரண்டு இருந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு வராந்தா வாசல் வரை வந்தேன். சிலேட்டைப் படித்தேன். நின்றபடி இரண்டையும் நானே சாப்பிட்டேன்.

நல்லவேளை, நமக்கெல்லாம் பல் வளர்வதில்லை.