ஆபிதாவும் ‘ஸ்டேபள்’ என்ற சொல்லும்

செக்காலைப் பகுதியில் வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள் ஆபிதா. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவளுக்கு மலேசியாவிலிருந்து சேதி வந்தது. அங்கே சாப்பாட்டுக் கடையில் வேலை பார்க்கும் அவள் கணவர் ஜமால் முகம்மது மாடிப்படியில் வழுக்கி விழுந்து, தலையில் பலத்த அடி. ஆஸ்பத்திரியின் பெயரையும் போன் நம்பரையும் கடை மேனேஜர் ஆங்கிலத்தில் அனுப்பியிருந்தார். கடைசி வரியில் ‘ஸ்டேபள்’ என்றிருந்தது.

பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் சப்ரின் போனில் தேடினாள். “குதிரை லாயம்னு போட்டிருக்கும்மா.”

“அத்தாவுக்கும் குதிரைக்கும் என்னடி சம்பந்தம்?”

“இரும்மா, கீழ இன்னொண்ணு இருக்கு. நிலையான, மாறாத.”

ஆபிதா மகள் கையிலிருந்து போனை வாங்கிப் பார்த்தாள். மாறாத என்றால்? கடைசிவரை இப்படியே படுத்த படுக்கைதானா?

சேதி கேட்டு ஓடிவந்தான் கொழுந்தன் ரிஸ்வான். “நல்லாயிருக்காகன்னுதான் அர்த்தம் மதினி. பயப்படாதீக” என்றான். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

ஆபிதா இதுவரை வெளிநாட்டுக்குத் தானாக ஒரு போன் போட்டதில்லை. அந்த நம்பரைப் போட்டாள். யார் யாரோ எடுத்தார்கள். “தமிழ், தமிழ்” என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். நாலாவதாக எடுத்த நர்ஸ் தமிழில் பேசினாள்.

“ஸ்டேபள்னா குணமாயிட்டார்னு இல்ல அக்கா. மோசமாகலன்னு அர்த்தம். மூச்சு, பிரஷர் எல்லாம் இறங்காம நிக்குது. இந்த மாதிரி அடிக்கு இன்னைக்கு இதுவே நல்ல சேதி.”

“அப்ப இப்படியே கெடக்க மாட்டாகளா?”

“அது இன்னைய நிலைமை மட்டும்தான். நாளைக்குக் கேளுங்க.”

மறுநாளும் கேட்டாள். ஸ்டேபள். அதற்கு மறுநாளும் அதே சொல்தான். ஆனால் இப்போது அதைக் கேட்டுவிட்டு அவளால் ரெண்டு வாய் சோறு உண்ண முடிந்தது. வாங்கி வைத்த துணிகளையும் தைத்து முடித்தாள். ஆறாம் நாள் அந்த நர்ஸே அழைத்தாள். “கண்ணு முழிச்சிட்டார். உங்க பேரைத்தான் கேட்டார்.”

ஆபிதா போனை மகளிடம் நீட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று மாதம் கழித்துத் திருச்சி விமான நிலையத்தில் ஜமால் முகம்மது சக்கர நாற்காலியில் வந்தார். வாசலருகே அதை நிறுத்தச் சொல்லி, சப்ரினின் தோளைப் பிடித்து எழுந்தார். இடதுகால் கொஞ்சம் இழுத்தது.

“மெதுவா வாங்க” என்றாள் ஆபிதா.

“காரு எங்குட்டு நிக்குது?” என்று கேட்டபடி அவர் முன்னே நடந்தார்.