பூஅஸ்ஸாவின் முகம் திரும்பியிருந்த பக்கம்

ஜுஹூர் "எல்லாரும் வெளியே போங்க" என்று சொன்னால் அந்த அறையில் கரப்பான்பூச்சிகூட நிற்காது என்று ஃபெஸ் நகரத்துப் போலீஸ்காரர்கள் சத்தியம் செய்வார்கள். ஒருமுறை பிணமே எழுந்து போகப் பார்த்ததாகவும், "உன்னைச் சொல்லலை, நீ படு" என்று அவள் அதட்டியதாகவும் சொல்பவர்கள் உண்டு. அதை நம்பவேண்டாம். மற்றதை நம்பலாம்.

அவள் வேலை அப்படி. கொலையோ திருட்டோ நடந்த அறையின் நடுவில் ஒரு முக்காலியை நிறுத்தி, அதன் தலையில் லேசர் கருவியைப் பூட்டிவிடுவாள். அது மெல்லச் சுழன்று சுவர், தரை, கவிழ்ந்து கிடக்கும் தம்ளர் என்று எதிர்ப்படுவதையெல்லாம் கோடிக்கணக்கான புள்ளிகளாக அளந்துகொள்ளும். அந்த நேரத்தில் யாராவது குறுக்கே நடந்தால் படத்தில் அரைத் தோளும் கால் மூக்குமாகப் பேய்போல விழுவார்கள். அதனால்தான் எல்லாரும் வெளியே. கடைசியில் அவளும் வெளியே. பிறகு அலுவலகத்தில் கணினியைத் திறந்தால் அந்த அறை அப்படியே எழுந்து நிற்கும்; வேண்டுமானால் பானை மூடியைப்போலக் கூரையைத் தூக்கிவிட்டு மேலிருந்து எட்டிப் பார்க்கலாம்.

ஆளில்லாத அறைகளைப் பார்த்துப் பார்த்தே அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. அவளைக் கட்டியவன் கடல் தாண்டிப் போய் அங்கேயே வேரூன்றிவிட்டான். பிள்ளை இல்லை. நகரத்தின் புதுப் பகுதியான புது ஊரில் ஒரு மாடி வீடு, ஜன்னலில் ஒரு புதினாத் தொட்டி. புதுக் கருவி வந்த சமயம், சோதித்துப் பார்க்கலாமென்று அதை வீட்டுக்குக் கொண்டுபோனாள். முக்காலியை நிறுத்திவிட்டு, பழக்கதோஷத்தில், "எல்லாரும் வெளியே போங்க" என்றாள். யாரும் அசையவில்லை; அசைய யாரும் இல்லை. அவள்மட்டும் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். படம் மிகச் சுத்தமாக வந்தது. ஒரு பேய்கூட இல்லை.

பூஅஸ்ஸா இறந்த வீடு பழைய ஊரில், கழுதை நுழைந்தால் மனிதர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்தில் இருந்தது. கழுதைக்காரன் கருவிப் பெட்டியை ஆலிவ் மூட்டையோடு சேர்த்துக் கட்டிக் கொண்டுவந்தான். பூஅஸ்ஸா ஓய்வுபெற்ற தபால்காரர், தனி ஆள். முற்றத்துப் படியின் விளிம்பில் இரத்தம் இருந்தது. ஆனால் பிணம் உள்ளறையில், கம்பளி மெத்தை போட்ட நீள மரப்பலகையில் கிடந்தது. சுவரோரம் இருக்கவேண்டிய பலகை அறையின் நடுவே கோணலாக இழுக்கப்பட்டிருந்தது. வாசற்கதவு வெளியே பூட்டியிருந்தது.

"தம்பி மகன் அன்வார்தான் லல்லா," என்று மரியாதையாக விளித்துச் சொன்னார் இன்ஸ்பெக்டர் லஹ்பாபி. "இன்னொரு சாவி அவன்கிட்டதான். பெரியவரோட அவனுக்கு ஓயாத சண்டை. தள்ளிவிட்டுட்டு, பலகைக்கு அடியில ஏதாவது ஒளிச்சு வச்சிருக்காரான்னு இழுத்துப் பார்த்திருக்கான்."

அன்வாரை ஏற்கெனவே பிடித்து உள்ளே வைத்திருந்தார்கள்.

ஜுஹூர் வீட்டை அளந்தாள், படியை அளந்தாள், பிறகு சந்து முழுவதையும் கோடியிலிருந்த சின்னப் பள்ளிவாசல்வரை அளந்தாள். நடமாட்டம் இருக்கக்கூடாதென்று ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சொன்னாள். எதிர்வீட்டு விதவை பத்தூல் கையில் மாவோடு வந்து எட்டிப் பார்த்து, "அவர் முகத்தை யாரும் திருப்பிட மாட்டீங்களே?" என்று கேட்டாள். மிஷினைத் தவிர யாரும் எதையும் தொடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டு ஜுஹூர் நகர்ந்துவிட்டாள்.

மறுநாள் அலுவலகத்தில் கூரைகளைத் தூக்கினாள். மேலிருந்து பார்த்தால் அந்தச் சந்து ரொட்டி வெடிப்புபோல வளைந்து நெளிந்தது. ஒரு வீடும் இன்னொரு வீட்டோடு நேராக இல்லை. ஆனால் பிணம் கிடந்த பலகை, சந்துக் கோடியில் தொழுகை மாடம் பிதுங்கி நிற்கும் பள்ளிவாசல் சுவரோடு, ரூலர் வைத்துக் கோடு கிழித்ததுபோல ஒத்துப்போனது. வலப்புறமாகச் சாய்ந்திருந்த கிழவரின் முகம் அந்த மாடம் பார்த்த திசையையே பார்த்தது. திருடுவதற்காக யாரும் பலகையை இழுக்கவில்லை. இறந்தவரைத் தொழும் திசையான கிப்லாவின் பக்கம் திருப்பி வைக்க இழுத்திருக்கிறார்கள்.

"அதையும் அன்வார் செஞ்சிருக்கலாமே. பாவபயம்," என்றார் லஹ்பாபி.

அங்கேதான் விஷயம். ஃபெஸ்ஸின் பழைய பள்ளிவாசல்கள் பல, பழங்கணக்குப்படி, தெற்கே திரும்பி நிற்கும். புதியவை திசைகாட்டிப்படி கிழக்கே பார்க்கும். அன்வார் புது ஊர்க்காரன். கைப்பேசியில் திசைகாட்டி வைத்துக்கொண்டு, பெரியப்பாவின் பள்ளிவாசலுக்கே வந்து, வரிசை முழுக்க ஒரு பக்கம் பார்க்க இவன்மட்டும் வேறு பக்கம் பார்த்து நின்றவன். "உன் போன் சொர்க்கத்துக்கும் வழி சொல்லுமா தம்பி?" என்று கிழவர்கள் கேட்க, அவன் கத்த, பூஅஸ்ஸா பதிலுக்குக் கத்த, ஓயாத சண்டை என்று லஹ்பாபி சொன்னதே அதைத்தான். அவன் உயிரே போனாலும் ஒரு பிணத்தை அந்தத் திசையில் வைக்கமாட்டான்.

"வச்சது அந்தச் சந்துக்காரங்க யாரோ," என்றாள் ஜுஹூர்.

"அப்போ சந்து மொத்தத்துக்கும் விலங்கு போடவா?"

அவளுக்கு அப்போதுதான் மாவு படிந்த கை ஞாபகம் வந்தது. முகம் ஏதோ ஒரு பக்கம் திருப்பப்பட்டிருந்தது எதிர்வீட்டுக்காரிக்கு எப்படித் தெரியும்?

கருவி இல்லாமல் தனியாகப் போனாள். பத்தூல் கதவைத் திறந்து, அவள் முகத்தைப் பார்த்து, உள்ளே விட்டாள். மெல்ல மெல்லத்தான் சொன்னாள். தினமும் மகன் கடைக்குப் போனதும் கிழவருக்குச் சூப் கொண்டுபோவாள். தனக்கு ஏதாவது ஆனால் என்று அவர் ஒரு சாவி கொடுத்து வைத்திருந்தார். அன்று போனபோது படியடியில் கிடந்தார், உடம்பு சில்லிட்டிருந்தது. ஆள் சருகு கனம்தான். தூக்கிக் கிடத்தினாள், பலகையைத் திருப்பினாள், கதவைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தனி ஆண் இருக்கிற வீட்டுக்கு விதவை போனாள் என்று தெரிந்தால் சந்து சிரிக்கும், மகன் அவள் முகத்தில் விழிக்கமாட்டான்.

"அன்வாரைப் பிடிச்சது தெரியும்ல, பெரியம்மா?"

"தெரியும். அன்னிலேர்ந்து சோறு இறங்கலை." பத்தூல் முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். "ஆளைக் கூப்பிட ஓடியிருந்தா ஊர் வாயில விழுந்திருப்பேன். ஆனா அவர் முகம் சுவத்தைப் பார்த்துக்கிட்டு, நாதியத்தவர் மாதிரி... விட்டுட்டு வர மனசு கேக்கலை மகளே."

பத்தூல் எழுந்து தலைத்துணியைக் கட்டிக்கொண்டாள். மகனுடைய கடை வாசல் வழியாகவே, தலை குனியாமல், ஜுஹூரோடு போலீஸ் நிலையத்துக்கு நடந்தாள்.

மருத்துவரும் விழுந்த அடிதான் என்று சொல்ல, அன்வார் வெளியே வந்தான். பத்தூலின் மகன் அம்மாவோடு பேச்சை நிறுத்திவிட்டான். சாப்பாட்டைமட்டும் நிறுத்தவில்லை; அவள் சமைத்ததைச் சத்தமில்லாமல் தின்றுவிட்டுப் போனான்.

ஜுஹூர் வேறு அறைகளை அளக்கப் போனாள். வீட்டுக்கு வந்தால், சுவரோரம் கிடக்கும் தன் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த வீட்டைக் கருவியும் அளந்திருக்கிறது, அவளும் அளந்திருக்கிறாள். கட்டில் எந்தத் திசையில் கிடக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. இழுத்துத் திருப்ப யார் வரப்போகிறார்கள்?

ஒரு விடுமுறை நாளில் பழைய ஊருக்குப் பஸ் ஏறினாள். பத்தூலின் கையில் தன் வீட்டுச் சாவியை வைத்தாள். செய்தி கேட்டு இங்கிருந்து புது ஊருக்குப் போவதற்குள் அடக்கமே முடிந்துவிடும், இரண்டு பஸ் மாறவேண்டும் என்று இருவருக்கும் தெரியும். பத்தூல் அதைச் சொல்லவில்லை. சாவியைப் பூஅஸ்ஸாவின் சாவி கிடந்த கிண்ணத்தில் போட்டாள்.

"எந்தப் பக்கம் திருப்பணும்? உங்க புது ஊர்ப் பக்கமா, எங்க பக்கமா?"

ஜுஹூர் யோசித்தாள். மயிரிழை பிசகாமல் அளப்பதுதான் அவள் பிழைப்பு.

"உங்க பக்கமே திருப்புங்க," என்றாள்.