ஓட்டைப் பைக்கு ஒரு தார்ப்பாய்

என் தங்கையின் அடுப்புக்கு ஈர விறகு ஆகாது. யாருடைய அடுப்புக்கும் ஆகாதுதான். ஆனால் மற்றவர்கள் புகையோடு மல்லுக்கட்டிச் சோற்றை இறக்கிவிடலாம். அவள் செய்வது அதிரசமும் முறுக்கும். எண்ணெய்ச் சட்டிக்கு அடியில் தீ ஒரே சீராக நிற்க வேண்டும். புகை எழுந்தால் அது நேராக மாவில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஒத்தக்கடையில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகர ஷெட், அதில் இரண்டு விறகு அடுப்பு, கூட வேலைக்கு இரண்டு பெண்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் அந்த ஷெட்டில் நிற்க இடமிருக்காது. போன வருடம் ஐப்பசி மழை சுவரோரம் அடுக்கியிருந்த விறகை நனைத்துவிட்டது. அதிரசம் புகை நாற்றம் அடித்தது. டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தவர்கள் பலர். கொண்டுவராதவர்கள் மறுபடி வரவேயில்லை.

சென்னையில் இருக்கும் அவள் மகன் அப்போதே சொல்லிவிட்டான். "இன்னொரு தீபாவளி பாப்போம்மா. அதுவும் இப்படி ஆச்சுன்னா, கடைய மூடிட்டு என்கூட வந்துரணும். சரியா?"

அவள் வீம்புக்குச் "சரிடா" என்றுவிட்டாள். பிறகு என்னிடம் புலம்பினாள். "அங்க பால்கனியில நின்னா எதுத்த வீட்டு பால்கனி தெரியுதுண்ணே. அதைப் பாத்துக்கிட்டு நான் என்ன செய்ய? துணி காயுதான்னு சொல்லிக்கிட்டு இருக்கவா?"

ஆடி மாதம் ஒருநாள் போனில் கூப்பிட்டாள். "அண்ணே, ரிட்டையராகிச் சும்மாத்தான இருக்கே? இந்த விறகு நனையாம இருக்க ஒரு வழி பண்ணேன்."

சும்மா இருக்கிறேன் என்பதைத் தவிர மற்றதெல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. நான் முப்பத்து நாலு வருடம் அரசாங்கப் பண்டகசாலையில் இருந்தவன். பொருளை வாங்குவதும் வைப்பதும் கொடுப்பதும்தான் என் தொழில். வீட்டுக்குச் சீப்பு வாங்கினால்கூட மூன்று கடையில் விலை கேட்பேன். என் மனைவி இதை யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை.

இரண்டு நாள் கைப்பேசியில் தேடியதில், குளிர் நாடுகளில் விறகை ஆளுயர ஜம்போ பைகளில் போட்டு வைக்கிறார்கள் என்று தெரிந்தது. பக்கவாட்டில் வலைத்துணி வைத்துத் தைத்த பை. காற்று உள்ளே போய் வெளியே வரும், விறகு தானாகக் காயும். நாலு மூலையிலும் தூக்குவதற்குப் பட்டை. பார்த்ததும் எனக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது. பதினோரு ஷரத்துகளோடு ஒரு ஸ்பெசிபிகேஷன் தயாரித்து, மூன்று பிரதி எடுத்துக்கொண்டு கீழமாசி வீதிக்குக் கிளம்பினேன்.

முதல் சாக்குக் கடைக்காரர் என் தாளைக் கண்ணாடியைக் கழற்றியும் மாட்டியும் படித்தார்.

"அண்ணே, இது சாக்குக்கா, மாப்பிள்ளைக்கா?"

"ஏன்?"

"உயரம் போட்டிருக்கீங்க, அகலம் போட்டிருக்கீங்க, வெயில் தாங்கணும்னு போட்டிருக்கீங்க. குணம் மட்டுந்தான் போடல. எம்புட்டு வேணும்?"

"எட்டு."

"எட்டாயிரமா?"

"எட்டு."

அவர் தாளை நான்காக மடித்து, மரியாதையாக என் சட்டைப்பையிலேயே வைத்துவிட்டார்.

இரண்டாம் கடையில் ஓட்டை இல்லாத பைதான் இருந்தது. "ஓட்டைதானண்ணே வேணும்? எலி இருக்குல்ல வீட்டுல?" என்றார் அந்த மனிதர். மூன்றாவதாக வடநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். குறைந்தது ஐந்நூறு பை எடுக்க வேண்டும் என்று மிகவும் பணிவாகப் பதில் வந்தது. ஐந்நூறு பையில் விறகு நிரப்பினால் ஒத்தக்கடையில் யானைமலைக்குப் போட்டியாக இன்னொரு மலை நிற்கும். மூன்று கொட்டேஷனும் வந்தாயிற்று, ஒன்றும் தேறவில்லை. விதிப்படி மறுபடி டெண்டர் விட வேண்டும். மறுபடி விட்டேன். தங்கை மூன்று வாரமாகத் தினம் போன் செய்து, "பை வந்துச்சா, பைல் வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பை கிடைத்தது தற்செயலாகத்தான். மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு மனைவி வெங்காயம் வாங்க அனுப்பியிருந்தாள். ஒரு மண்டியின் பின்வாசலில் ஆளுயரத்துக்கு வெள்ளைப் பைகள் நின்றன. பக்கமெல்லாம் வலை, மேலே நாலு பட்டை. என் பதினோரு ஷரத்தில் ஒன்பது அங்கேயே தேறியது.

"இது எங்க வாங்குனீங்க?" என்று வியாபாரியிடம் கேட்டேன்.

"வாங்கலண்ணே, வந்துச்சு. வடக்கே இருந்து ஒருத்தன் புதுசா இதுல போட்டு அனுப்புறான். கொட்டுனப்புறம் எனக்கு எடத்த அடைக்குது."

பழைய பொருளை வாங்குவது என் கொள்கைக்கு ஒத்துவராது. தங்கைக்குப் போன் போட்டேன். "கொள்கைய அங்கேயே வச்சிட்டு பைய எடுத்துட்டு வா" என்றாள். எட்டுப் பையை மடித்துக் கட்டிக் கொடுத்தார் வியாபாரி. எதற்கு என்று கேட்டார், விறகுக்கு என்றேன்.

"அப்ப வெங்காயம் மாதிரியே வச்சுக்கங்கண்ணே. கீழ கட்டை, மேல கூரை, சுத்தி காத்து. அம்புட்டுத்தான்."

தலையாட்டினேன். காதில் வாங்கவில்லை. பொருளை எப்படி வைப்பது என்று ஒரு வெங்காய வியாபாரி எனக்குச் சொல்வதா என்று நினைத்திருப்பேன்.

ஆவணி கடைசியில் எழுமலைப் பக்கமிருந்து ஒரு குட்டியானை வண்டி நிறையப் புளிய விறகும் கருவேல விறகும் வந்தது. வெட்டி ஒரு மாதம்தான் ஆகியிருக்கும், முக்கால் காய்ச்சல், உள்ளே இன்னும் ஈரம் இருந்தது. பைகளை வெயிலில் உதறிப் போட்டும் வெங்காய வாசம் போகவில்லை. வேலைக்கார அக்கா, "விறகுக்குத் தாளிச்சு வச்சிருக்காக" என்று சிரித்தார். எட்டுப் பையையும் ஷெட்டுக்கு வெளியே செங்கல் அடுக்கி அதன்மேல் வரிசையாக நிற்கவைத்து, நிரப்பி, எண் எழுதி, தேதி எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை கட்டினேன். இதுவரை தவறேதும் இல்லை.

அடுத்து, திறந்தவெளியில் வைக்கும் சரக்கை மழைக்காலத்துக்கு முன் தார்ப்பாயால் முழுக்க மூடி, நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, முத்திரை வைக்க வேண்டும். இது விதி. முப்பத்து நாலு வருடத்தில் ஒரு மழைக்கும் நான் இதைத் தவறவிட்டதில்லை. புதுத் தார்ப்பாய் வாங்கினேன். எட்டுப் பையையும் சேர்த்துத் தலை முதல் கால் வரை மூடினேன். தரையோடு ஒட்டி மண் போட்டு அமுக்கினேன். நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, முடிச்சில் அரக்கு உருக்கி ஊற்றி, அலுவலக முத்திரை இல்லாததால் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து அழுத்தினேன்.

"நான் வந்து பிரிக்கிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது" என்றேன்.

"தொடலண்ணே. வெளிய இருந்து கும்பிட்டுக்கிறோம்" என்றாள் தங்கை.

புரட்டாசி முழுக்க வெயிலும் புழுக்கமும். ஐப்பசி பிறந்ததும் நல்ல மழை. ஒவ்வொரு மழைக்கும் நான் வீட்டு ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒத்தக்கடையில் ஒரு சொட்டுக்கூட உள்ளே போயிருக்காது என்று நினைத்துத் தேநீர் குடித்தேன். ஒரு சொட்டும் போகவில்லை என்பது உண்மைதான்.

தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது முத்திரையைப் பிரிக்கப் போனேன். சட்டை இஸ்திரி போட்டிருந்தேன். தங்கையும் இரண்டு பெண்களும் வரிசையாக நின்றார்கள். கயிற்றை அறுத்துத் தார்ப்பாயைத் தூக்கினேன்.

முகத்தில் இட்லிக் குண்டானைத் திறந்ததுபோல் ஆவி அடித்தது. தார்ப்பாயின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். வலை வழியாகத் தெரிந்த கட்டைகளின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூசணம். ஏழாம் எண் பையில் ஒரு காளான் குடை விரித்து நின்றது.

தங்கை ஒரு கட்டையை உருவி, கையால் தடவி, என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, ஓட்ட வச்ச பையத் தேடி எத்தன நாள் அலைஞ்சே?"

"மூணு வாரம்."

"அந்த ஓட்டைய அடைக்க?"

"ஒரு நாள்."

"அதுக்கு அரக்கு வேற."

வேலைக்கார அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் நின்றபடியே யோசித்தேன். முப்பத்து நாலு வருடம் நான் காத்தது போல்ட்டும் நட்டும் இரும்புக் குழாயும். அவை எதுவும் மூச்சுவிட்டதில்லை. அவற்றை எப்படி மூடினாலும் அப்படியே கிடந்தன. முக்கால் காய்ச்சல் விறகு தன் ஈரத்தைக் கக்கியிருக்கிறது. நான் அது வெளியேறும் வழியெல்லாம் மண் போட்டு அடைத்திருக்கிறேன். வெங்காய வியாபாரி மூன்றே வரியில் சொன்னதில் கீழே கட்டைக்குப் பதில் செங்கல் வைத்தது மட்டும் என்னிடம் சரியாக இருந்தது.

சிரித்து முடித்ததும் தங்கையின் முகம் மாறிவிட்டது. "அவன் நாலு நாள் முன்னாடி வாரேன்னான்" என்றாள். மகனைத்தான் சொன்னாள். ஷெட்டுக்குள் போய் அடுப்பைப் பெருக்க ஆரம்பித்தாள். பெருக்குவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

மண்டி வியாபாரிக்குப் போன் செய்தேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் இருமினார். இருமலாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டேன்.

"ஒண்ணும் கெட்டுப்போகலண்ணே. பூசணம் மேலோடதான். பைய ஒண்ணுக்கொண்ணு ஒரு முழம் தள்ளி வைங்க. பாதி பாதியா ஆக்குங்க. தார்ப்பாயக் கூரையா மட்டும் கட்டுங்க. நம்மூருல ஐப்பசியில மழை பாதி, காத்து பாதி. அந்தப் பாதியப் பிடிங்க."

அன்றே நாலு மூங்கில் ஊன்றினோம். தார்ப்பாயை மேலே பந்தலாகக் கட்டினோம். மண்டியில் இன்னும் எட்டுப் பை வாங்கி வந்தேன், கொட்டேஷன் இல்லாமல். விறகைத் துடைத்து, பதினாறு பையில் அரைகுறையாக, கட்டைக்கும் கட்டைக்கும் இடம் விட்டுப் போட்டோம். தினமும் காலையில் ஒத்தக்கடைக்குப் போய் இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பேன். ஈரக்கட்டை மொத்தென்று சொல்லும். காய்ந்தது டங்கென்று கேட்கும். முதல் மூன்று நாள் எல்லாம் மொத்து. நாலாம் நாள் கருவேலக் கட்டை ஒன்று கொஞ்சம் குரலை உயர்த்தியது. ஆறாம் நாள் மழை பெய்தது. நான் பந்தலுக்குக் கீழே குடையோடு நின்றேன். வலைக்குள் ஒரு சாரல்கூட வரவில்லை, காற்று மட்டும் வந்தது.

"உள்ள போண்ணே, நீ நனைஞ்சா உன்ன எந்தப் பையில போட?" என்றாள் தங்கை.

எட்டாம் நாள் காலை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் மருமகனை அழைத்துவரப் போனேன். பஸ்ஸிலிருந்து தோள்பையோடு அவன் இறங்க, கூடவே மடித்துக் கட்டிய அட்டைப்பெட்டிகள் ஒரு கட்டும் இறங்கியது.

"இது எதுக்குப்பா?"

"அம்மா பாத்திரமெல்லாம் கட்டணும்ல மாமா. இங்க பெட்டி கிடைக்குமோ கிடைக்காதோன்னு."

திட்டமிடுதலில் என் குடும்பம்தான் என்று தெரிந்தது. ஸ்கூட்டரில் அவன் என் பின்னால் உட்கார்ந்து, அட்டைக் கட்டை என் முதுகுக்கும் அவன் வயிற்றுக்கும் நடுவில் வைத்துக்கொண்டான். ஒத்தக்கடை வரை அது என் முதுகில் உறுத்தியது.

நாங்கள் போனபோது தங்கை அடுப்பில் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மகனைப் பார்த்து, "வாடா" என்றாள். அட்டைக் கட்டையைப் பார்த்தாள். மறுபடி அடுப்புக்குத் திரும்பினாள். என்னிடம் இரண்டு கட்டையை நீட்டினாள். "தட்டுண்ணே."

தட்டினேன். டங்கென்றது. இரண்டையும் அவளிடமே கொடுத்தேன்.

தென்னை ஓலையைப் பற்றவைத்து உள்ளே தள்ளினாள். ஓலை எரிந்து முடிந்தது. ஒரு நூல் புகை மேலே போனது. மருமகன் தகரக் கூரையை நிமிர்ந்து பார்த்தான். போன வருடம் அந்த ஷெட்டில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றவன் அவன். புகை அந்த ஒரு நூலோடு நின்றது. கட்டையின் ஓரத்தில் மஞ்சளாகத் தீ ஏறி, சட்டியின் அடியைத் தொட்டு, அப்படியே நின்றது. எண்ணெய் காய்ந்ததும் முதல் அதிரசம் உள்ளே போனது.

இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்து எண்ணெயைப் பிழிந்து மகனிடம் கொடுத்தாள். அவன் ஊதி ஊதித் தின்றான்.

"புகை வாசம் வருதாடா?"

"இல்ல."

"வெங்காய வாசம்?" என்று கேட்டது நான்.

"வெங்காயமா? அது எதுக்கு மாமா வரணும்?"

தங்கை சட்டியைப் பார்த்தபடியே, "மாமாவையே கேளு, பதினோரு ஷரத்தோட சொல்லுவாரு" என்றாள். அவன் இரண்டாவதை எடுத்தான். மூன்றாவதும் எடுத்தான். கடையை மூடும் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த நாலு நாளும் அவன் பந்தலிலிருந்து அடுப்புக்கு விறகு சுமந்தான். எந்தப் பை முதலில் என்று நான் சொல்லப்போனால், தட்டிப் பார்த்து எடுத்துக்கொள்கிறேன் என்றான். ஒரு டப்பாவும் திரும்பி வரவில்லை. போன வருடத்தோடு வருவதை நிறுத்தியவர்களில் இரண்டு வீடு, பக்கத்து வீட்டில் வாங்கித் தின்று பார்த்துவிட்டுத் தீபாவளியன்று மத்தியானம் வந்தது. கொடுக்க மிச்சமில்லை. தங்கை அதை மகன் காதில் விழும்படி இரண்டு தரம் சொன்னாள்.

அவன் ஊருக்குப் புறப்படும்போது அட்டைப்பெட்டிகளைப் பிரித்து நிறுத்தினோம். அவன் ஆபீஸ்காரர்களுக்கென்று தீபாவளிக்கு மறுநாளே புதிதாகப் போட்ட முறுக்கும் அதிரசமும் தகர டின்களில் அடைத்து அவற்றுக்குள் போயின. பாத்திரம் ஒன்றுகூடப் போகவில்லை.

"மாமா, பெட்டிக்கு ஓட்டை போடணுமா?" என்றான், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"போடா. முறுக்குல காத்து பட்டா நமுத்துப் போகும்" என்றாள் தங்கை. பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, அந்த அரக்கு மிச்சமிருக்கா?"

இருந்தது. பெட்டிகளை நாலு பக்கமும் டேப் ஒட்டி, நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, முடிச்சில் அரக்கு ஊற்றி, ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து அழுத்தினேன்.