மூன்றாவது தடவை அடித்த போன்

இன்றைக்கும் எங்காவது ஒரு போன் எடுப்பாரில்லாமல் அடித்துக்கொண்டிருந்தால் என் கை தானாகத் துண்டுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிற ஒரு கல்லூரியில் ஒன்பது வருசம் வாட்ச்மேனாக இருந்தேன். பரீட்சை நாட்களில் பிள்ளைகளின் போனை வாங்கி வைப்பது என் வேலை. மற்ற வாட்ச்மேன்கள் பேர் எழுதிச் சீட்டு ஒட்டுவார்கள். எனக்கு எழுத்து வராது. போனின் முதுகையும் முகத்தையும் பார்த்து மனசில் வைத்துக்கொள்வேன். மயிலிறகு சொருகினது நெட்டைப் பையனுடையது. முருகன் படம் போட்டது இடைசெவல் பையனுடையது. கண்ணாடி நொறுங்கிச் சிலந்திவலை மாதிரி இருப்பது செயலாளர் பிள்ளையுடையது. ஒரு நாளும் மாற்றிக் கொடுத்ததில்லை.

செயலாளர் பிள்ளை கடைசி வருசம் படித்தாள். எட்டயபுரத்துக்கு அந்தப் பக்கம் ஊர். இரண்டு பஸ் மாறி, எல்லாருக்கும் முந்தி வந்து நிற்பாள். மாணவர் மன்றத்துக்கு அவள்தான் செயலாளர் என்பதால் எல்லாரும் அப்படியே கூப்பிட்டார்கள். ஊருணியில் சீமைக்கருவேல் வெட்டப் போனாலும் அவள்தான் முன்னால். விளையாட்டு விழாவுக்கு சுண்ணாம்புக் கோடு போடுவதென்றாலும் அவள்தான். வாசலில் இருக்கிற என் காவல் கூண்டுக்குள் நின்றபடியே டப்பாவைத் திறந்து சாப்பிடுவாள். ஒரு கை சோற்றில், ஒரு கை போனில். என்னத்த ஏட்டி அப்படித் தட்டுத என்று கேட்டால், இன்டர்ன்ஷிப்புக்கு எழுதிப் போடுகிறேன் தாத்தா என்பாள். படிப்பு முடியுமுன் ஒரு கம்பெனியில் போய் வேலை பழகுகிறதுக்கு அப்படிப் பேராம். எழுதி எழுதிப் போட்டாள். ஒருத்தரும் பதில் போடவில்லை.

அவள் அப்பா பருத்தி வெள்ளாமை பார்க்கிற சம்சாரி. கம்பெனிக்காரனே கூப்பிட்டால் வெளியூர் போ, நாமாகப் போய் வாசலில் நிற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கூப்பிடவில்லையென்றால் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸில் பேருக்கு இரண்டு மாசம் உட்கார்ந்து கையெழுத்து வாங்க வேண்டியதுதான். அதனால் அவளுக்கு ஒரு கூப்பாடு வேண்டியிருந்தது. மழைக்குப் பார்த்திருக்கிற சம்சாரி மாதிரி இருந்தாள். எங்கள் காட்டில் மழைக் கருக்கல் கூடினால் யாரும் சத்தமாகப் பேச மாட்டோம். மேகம் மிரண்டு போய்விடும் என்று ஒரு பயம். அப்படித்தான் அவளும் அந்தப் பேச்சை எடுக்கவே மாட்டாள்.

தை பிறக்கப்போகிற சமயம். காலையில் பரீட்சை, உச்சிக்குக் கல்லூரிப் பொங்கல். இரண்டுக்கும் சேர்த்துச் சேலை கட்டிக்கொண்டு வந்து, என் கையில் போனைக் கொடுத்துவிட்டுப் போனாள். வெயில் இளசாக இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் பருத்தி வெடித்து, காடே பஞ்சுப்பொதி மாதிரி மிதந்தது. அப்போது அந்தப் போன் அடித்தது. விட்டுவிட்டேன். திரும்ப அடித்தது. அதையும் விட்டேன். எங்கள் ஊரில், ஆள் தெரியாமல் வெளியே கூப்பிட்டால் மூன்றாவது கூப்பாட்டுக்குத்தான் குரல் கொடுப்போம். பேய் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாது. மூன்றாவது தடவையும் கூப்பிட்டால் அது மனுசர். மனுசர் கூப்பிட்டு வாய் திறக்காமல் இருப்பது மரியாதை இல்லை. போன் மூன்றாவது தடவை அடித்தது. எடுத்துவிட்டேன்.

ஒரு பெண் குரல் இங்கிலீசில் பேசியது. பிள்ளை பரீட்சை எழுதுது தாயி என்றேன். அந்தப் பொண்ணுக்குப் புரியவில்லை. யாரோ பெரியவர் எடுத்திருக்கிறார் என்று அந்தப் பொண்ணு பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. சொன்னது தெலுங்கில். எங்கள் வீட்டுப் பேச்சும் அதுதான். எழுத்து தெரியாத, எத்தனையோ தலைமுறைக்கு முந்தி கூடவே வந்த தெலுங்கு. “ஏமி காவாலம்மா?”, என்ன வேணும் தாயி என்று கேட்டேன். அந்தப் பக்கம் சிரித்துவிட்டு, பிள்ளை எழுதிப் போட்டிருந்த கம்பெனி என்றார்கள். அந்தச் சிரிப்பில் நான் மயங்கிப் போனேன். பிள்ளையைப் பற்றிச் சொல்லச் சொல்ல எனக்கே நிறுத்த முடியவில்லை. ஊருணி, சுண்ணாம்புக் கோடு, இரண்டு பஸ், நின்றுகொண்டே சாப்பிடுவது, இன்றைக்கு வைக்கிற பொங்கல். எல்லாம் கேட்டுவிட்டு, அப்படியானால் எங்கள் வேலைக்கு அவளுக்கு நேரம் இருக்குமா என்று கேட்டார்கள். பெருமை தலைக்கேறிய வாய், அவளுக்கு மூச்சுவிடவே நேரம் கிடையாதம்மா என்று சொல்லிவிட்டது. அப்படியா என்றார்கள். போனை வைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் என் வாயிலிருந்து போனது என்னவென்று எனக்கே உறைத்தது. பரீட்சை மணி அடிக்கிறவரைக்கும் பருத்திக்காட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கொக்கு வந்து உட்கார்ந்தது. எழுந்து போகவே இல்லை. உலகத்தில் வேறு ஒன்றும் அசையவில்லை.

அவள் வந்ததும் ஒன்று விடாமல் சொன்னேன். முகம் சுண்டிப்போனது.

“நேரமே கெடையாதுன்னா சொன்னீங்க?”

“பெருமையாத்தான் சொன்னேன் தாயி.”

“பெருமைதான்.” என் கையிலிருந்த போனின் உடைந்த கண்ணாடியையே பார்த்தாள். “பொய்யும் இல்லையே தாத்தா.”

போனை வாங்கி அந்த நம்பருக்குக் கூப்பிட்டாள். என்ன பேசினாள் என்று எனக்கு விளங்கவில்லை. ஆரம்பத்தில் விழாப் பந்தலைப் பார்த்து நின்று பேசினாள். பேச்சு நடுவில் மெல்லத் திரும்பி, பந்தலுக்கு முதுகு காட்டிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து இரண்டாம் வருசப் பிள்ளை ஒருத்தி ஓடி வந்தாள்.

“அக்கா, பானை பொங்கப் போகுது. நீங்க வராம எப்படிக்கா அரிசி போடுறது?”

செயலாளர் பிள்ளை போனைக் கீழே இறக்கினாள். சேலையில் குத்தியிருந்த, செயலாளருக்கான சிவப்பு ரிப்பன் பேட்ஜைக் கழற்றி அந்தப் பெண்ணின் தோளில் குத்திவிட்டாள்.

“நீயே போடு, ஏட்டி. இனிமே நீதான் பாத்துக்கிடணும். சார்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்.”

அந்தப் பெண் முழித்தபடி ஓடினாள். செயலாளர் பிள்ளை தானாகவே என்னிடம் சொன்னாள்: வேலை கொடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து மத்தியானம் முழுக்க இங்கிருந்தே அவர்கள் வேலை, கடைசிப் பரீட்சை முடிந்ததும் அவர்கள் ஊரில். வேறு எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள்; இவள் சரி என்றிருக்கிறாள்.

இன்றைக்கு அவள் அந்த ஊரில்தான் இருக்கிறாள். நான் பேசியதால் அந்த வேலை கிடைத்ததா, பேசியும் கிடைத்ததா என்று அவள் சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை. அவள் முகத்தை நினைத்தால், அந்த மத்தியானம்தான் வருகிறது. பந்தல் பக்கமிருந்து குலவைச் சத்தம் கிளம்பிக் காட்டுக்கு மேலே போனது. போகலாமே தாயி என்றேன். அவள் போகவில்லை. என் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சத்தம் அடங்குகிறவரைக்கும் கேட்டாள்.

“நான் இல்லாமலே பொங்கிருச்சு தாத்தா” என்றாள்.