லிடியா தைத்த றெக்கை

கள்ளக்குறிச்சியில் பதினாலு வருசமாகத் தையல் கடை வைத்திருக்கிறாள் லிடியா. புருசன் லாரன்ஸ் ஸ்கூல் வேன் ஓட்டுகிறான். ஆள் நல்ல உயரம். அந்த உயரமே வினையாகப் போச்சு.

சர்ச் பங்குத் திருவிழாவுக்கு பாலே டான்ஸ் போடலாம் என்று கிளப்பிவிட்டது சின்னசேலத்து ஜெனிபர் டீச்சர். வெள்ளைக்கார தேசத்துப் பழைய கதை. றெக்கை வைத்த தேவதை மேல் ஒருத்தன் ஆசைப்பட்டு, கட்டிக்கப்போகிற பெண்ணையே விட்டுவிட்டு ஓடுகிறான். கிட்டப் போனால் தேவதை நழுவுவாள். கடைசியில் சால்வை போட்டுப் பிடிக்கிறான். பிடித்ததும் றெக்கை உதிர்ந்து அவள் செத்துப்போகிறாள். தேவதை வேசம் டீச்சருக்கு. அவளைத் தூக்க உயரமான ஆள் வேணுமாம்!

ஒரு மாசமாகக் கோயில் மண்டபத்தில் ஒத்திகை. வூட்டில் கேஸ் சிலிண்டரைத் தூக்கினால் இடுப்பு புடிச்சிக்கும் மனுசன், அங்கே அவளைத் தூக்கிக்கினு சுத்துகிறான். கண்ணாடி முன்னால் நின்று ஏக்கப் பார்வை வேறு பழகுகிறான்.

"இன்னாங்க, என்னைப் பாத்து ஒரு நாளாச்சும் இப்பிடி ஏங்கியிருக்கீங்களா?"

"நீதான் கூடவே இருக்கியே, எதுக்கு ஏங்கணும்?"

லிடியா கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.

கொடுமை இன்னான்னா, றெக்கை தைக்கிற வேலையும் அவள் தலையிலேயே விழுந்தது. "சால்வையோட இழுத்தா உதிரணும்க்கா, கையால லேசா ரெண்டு ஓட்டுத்தையல் போதும்" என்றாள் டீச்சர். உதிர்ந்தால் சனம் அவளுக்காக அழும், கைதட்டும். அழுது கிழிச்சாங்க! உதிருதா பார்க்கலாம் என்று, ரெட்டை நூல் கோத்து மிஷினில் நாலு தரம் ஓட்டினாள் லிடியா. ஊர் முன்னால் டீச்சர் மானம் சந்தி சிரிக்கட்டும்.

திருவிழா அன்று லாரன்ஸ் சால்வையைப் போட்டு இழுத்தான். றெக்கை அசையவில்லை. மறுபடி பலமாக இழுத்தான். றெக்கை வரவில்லை, டீச்சர்தான் வந்தாள், நேராக அவன் மார்பு மேலே. றெக்கை உதிராமல் எப்படிச் சாவது? ரெண்டு பேரும் முழித்துக்கொண்டு கட்டிப்பிடித்தபடியே நின்றார்கள். பாட்டு முடிய இன்னும் ரெண்டு நிமிசம் இருந்தது. முழுசாக ரெண்டு நிமிசம்!

சனம் விசிலடித்துத் தீர்த்தது. ஃபாதரே எழுந்து கைதட்டினார். "நல்ல வேளை, கடைசியில ரெண்டு பேரையும் சேர்த்து வெச்சிட்டாங்க! கிறிஸ்துமசுக்கும் இதையே போடுங்க, முடிவ மட்டும் மாத்திடாதீங்க."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவள் யாரிடம் போய் அழுவாள்? வேர்த்து விறுவிறுக்க ஓடிவந்த டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, கிறிஸ்துமசுக்கும் இதே மாதிரி கெட்டியாவே தைச்சுக் குடுத்துடுங்க."

"அதுக்கின்னா, தைச்சிட்டாப் போச்சு" என்றாள் லிடியா. இந்தத் தரம் ரெண்டே ரெண்டு ஓட்டுத்தையல்தான் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.