ஊத்தை படாத வாகனம்

என் கணவர் என்னைத் தொடுவதற்கு முன் ஒரு நாளும் கை கழுவியதில்லை. அந்த வாகனத்தைத் தொடுவதற்கு முன் கழுவுவார். யப்பானில் யாரோ ஓட்டி முடித்து, கப்பலில் வந்திறங்கிய ஹைபிரிட் வாகனம் அது. குடும்பமாக ஏழு பேர் ஏறலாம். பெற்றோலிலும் ஓடும், பற்றறியிலும் ஓடும், எப்போது எதில் ஓடுகிறது என்று அதற்குத்தான் தெரியும். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் அப்பாவின் ஓய்வுகாலத்துக்கென்று வாங்கிக் கொடுத்தது. உரும்பிராயில் எங்கள் ஒழுங்கைக்குள் அப்படியொன்று வந்தது அதுதான் முதல்தடவை. கோயில் வாசலில் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்து, சந்தனம் பூசிக் கொண்டுவந்த அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது, இனி இந்த வீட்டில் நான் இரண்டாவது என்று.

எங்கள் ஊர் மண் செம்மண். வெங்காயத்துக்கு நல்லது, வெள்ளை வேட்டிக்குக் கூடாது. அந்த மண் வாகனத்துக்குள் வரக்கூடாது என்பதே இவருக்கு வேதமாகிவிட்டது. ஆசனங்களுக்குப் புது உறை தைத்து, அதன்மேல் பொலித்தீன் போட்டார். உள் நிலம் முழுவதும் தடித்த றெக்சின் விரித்தார். முன் ஆசனத்தின் அடியில் கீற்றுக் கீற்றாகத் திறந்தபடி ஒரு பிளாஸ்ரிக் மூடி இருந்தது. "உதுக்குள்ளாலை மண் போயிடும்" என்று பொலித்தீனை மடித்து அதை மூடி, சுற்றிவர ரேப் நாடா ஒட்டினார். ரேப்பை அளவு பார்த்து வெட்டிக் கொடுத்தவள் நான். அன்று எனக்கும் அது கெட்டித்தனமான வேலையாகத்தான் தெரிந்தது.

புது வாகனம் என்றால் எங்கள் பக்கத்தில் பலர் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார்கள். அது ஒரு மரியாதை. அந்த மரியாதையைக் கேட்டு வாங்கியது எங்கள் வீடு ஒன்றுதான். வாசல் படலையடியில் ஒரு வாளித் தண்ணீரும் பழைய துவாயும் எப்போதும் இருக்கும். எனக்கும் அதே சட்டம். இவருக்கு மட்டும், வண்டி ஓட்டும்போது போடுவதற்கென்று வெளிமண் படாத ஒரு சோடிக் கன்வஸ் சப்பாத்து உள்ளேயே இருந்தது.

இயக்கியவுடன் அந்த வாகனத்துக்குள்ளிருந்து ஒரு யப்பான்காரி கதைப்பாள். அந்த நாட்டு வீதிகளில் கட்டணம் அறவிடும் அட்டையை அவள் கேட்கிறாள், அதைக் கணக்கெடுக்க வேண்டாம் என்று விற்றவர் சொல்லியிருந்தார். அதனால் இவர் தினமும், "ஓம் பிள்ளை, பிறகு பாப்பம்" என்று அவளுக்கு மறுமொழி சொல்லிவிட்டுத்தான் வெளிக்கிடுவார். பங்குனி வெயில் தொடங்கியபோது திரையிலும் யப்பான் எழுத்தில் ஏதோ வரத் தொடங்கியது.

"உதைப் படம் எடுத்துப் பிள்ளையளுக்கு அனுப்பிக் கேப்பமே?" என்றேன்.

"அவள் அட்டையைக் கேக்கிறாள். உதுக்கும் அவையளைக் கரைச்சல் படுத்தோணுமே?" என்றார்.

நானும் விட்டுவிட்டேன். விளங்காத பாஷையில் சொல்வதெல்லாம் தேவையில்லாத கதை என்று நினைப்பது எங்கள் இருவருக்கும் வசதியாக இருந்தது.

முன்வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார். எங்களைவிட மூத்தவர், புருசன் இல்லாதவர், வெங்காயத் தோட்டம் செய்து பிள்ளைகளை ஆளாக்கியவர். கோப்பாயில் இருந்த தன் தமையனோடு ஒரு வேலிப் பிரச்சினையில் கதை பேச்சில்லை. கலியாண வீட்டில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒரு மத்தியானம், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் தோட்டத்திலிருந்து நேராக எங்கள் முற்றத்துக்கு ஓடிவந்தார்.

"தம்பி, அண்ணை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியிலை. இண்டைக்குத் தாண்டாதாம். என்னைக் கேக்கிறாராம். ஓட்டோக்காரப் பெடியனும் இல்லை. என்னை ஒருக்காக் கொண்டுபோய் விடுறியளோ?"

இவரைப் பற்றி நியாயமாகவும் ஒன்று சொல்லவேண்டும். பாதிச் சோற்றில் எழும்பினார். கையைக் கழுவி, வாகனத்தைப் படலையடிக்குக் கொண்டுவந்து, கதவைத் திறந்தார். அதுவரைக்கும் அவர் நல்ல மனிதர்தான். அதன்பிறகு அவருடைய கண் அக்காவின் கால்களில் விழுந்தது. தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றவர், கணுக்கால் வரைக்கும் சிவப்புச் சேறு.

"அக்கா, குறை நினையாதையுங்கோ. காலை ஒருக்காக் கழுவிப்போட்டு..."

அக்கா அதற்குள்ளேயே செருப்பைக் கழற்றிவிட்டார். வாளியில் தண்ணீர் இருக்கவில்லை. நான் போய் மோட்டரைப் போட்டு நிரப்பிக்கொண்டு வந்தேன். அவர் ஒரு காலால் மற்றக் காலைத் தேய்த்துக் கழுவினார். "விரல் இடுக்கிலை இன்னும் கிடக்கு" என்று இவர் சொன்னார். அக்கா குனிந்து விரல்களை ஒவ்வொன்றாக விரித்துக் கழுவினார். நான் துவாயை நீட்டினேன். அவசரமாகத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ தம்பி, நான் யோசியாமல் தோட்டத்தாலை அப்பிடியே வந்திட்டன்" என்றார். கூடப்பிறந்தவர் சாகக் கிடக்கும் நேரத்தில் அந்த மனுசி எங்களிடம் மன்னிப்புக் கேட்டது. அவருடைய செருப்புக்குப் பக்கத்தில் என் செருப்பையும் கழற்றிவிட்டு, நானும் அவரோடு பின்னால் ஏறினேன்.

கோண்டாவில் தாண்டித் திருநெல்வேலிக்குக் கிட்டப் போகும்போது திரையில் சிவப்பு முக்கோணம் ஒன்று வந்தது. யப்பான்காரி ஏதோ சொன்னாள். வாகனம் பலமிழந்து, பலாலி வீதியின் ஓரத்தில் உருண்டுபோய் நின்றது. இவர் பொத்தானை அமத்தினார், திரும்பவும் அமத்தினார். "கொஞ்சம் ஆறவிட்டா வெளிக்கிடும்" என்றார். அக்கா பொலித்தீன் ஆசனத்தின் நுனியில், கைகளைக் கோத்துக்கொண்டு இருந்தார். சற்றுப் பொறுத்து என் முழங்கையைத் தொட்டு, "தங்கச்சி, நான் நடக்கிறன்" என்று இறங்கினார். அவரைத் தனியே விட மனமில்லாமல் நானும் இறங்கினேன்.

தாரில் கால் வைத்த பிறகுதான் இருவருக்கும் செருப்பு இல்லை என்பது உறைத்தது. உச்சி வெயில். தோசைக்கல்லில் நிற்பதுபோல இருந்தது. நான் நிழல் தேடித் தேடிக் கால் வைத்தேன். அக்கா நிழல் பார்க்கவில்லை, நேரே நடந்தார். திரும்பிப் பார்த்தேன். இவர் கன்வஸ் சப்பாத்தோடு முன்மூடியைத் திறந்துவைத்து, பத்திரிகையால் எஞ்சினுக்கு விசிறிக்கொண்டு நின்றார்.

சந்தைக்குக் கிட்ட ஒரு ஓட்டோ கிடைத்தது. ஓட்டுநர் எங்கள் கால்களைப் பார்த்துவிட்டு, "கோயில் நேர்த்தியோ, அம்மா?" என்று கேட்டார்.

"ஓம் தம்பி. கெதியா விடுங்கோ" என்றார் அக்கா.

எங்கள் மானத்தைக் காப்பாற்றுவதற்காக அவர் அந்தப் பொய்யைச் சொன்னார். அந்த வேளையிலும் எங்களை நினைக்க அவருக்கு இடமிருந்தது.

வார்ட் வாசலிலேயே தமையனின் மகள் அவரைக் கட்டிக்கொண்டாள். "இப்பதான் மாமி கண்ணை மூடினவர். வாசலையே பாத்துக்கொண்டு கிடந்தவர். மாமி வந்திட்டாவோ, மாமி வந்திட்டாவோ எண்டு கேட்டுக் கேட்டு..." அக்கா உள்ளே போய்க் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "அண்ணை, நான் வந்திட்டன்" என்றார். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் சுவரோடு நின்றேன். அந்த வாளி நிரம்பிய நேரம், விரல் இடுக்குக் கழுவிய நேரம், துவாய் கொடுத்த நேரம் எல்லாம் என் கண்ணுக்குள் நின்றன. அவ்வளவு நேரம் அந்த மனிதருக்குப் போதுமாக இருந்திருக்கும்.

வாகனத்தைக் கட்டியிழுத்து, ஹைபிரிட் திருத்தும் கராஜ் ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். நானும் போனேன். கராஜ்காரர் றெக்சினைக் கிளப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பற்றறி சீற்றுக்குக் கீழை இருக்கு. அது மூச்சு எடுக்கிற வழியை ஆர் இப்பிடிப் பொத்தினது?"

"வாங்கேக்கையே அப்பிடித்தான் இருந்தது" என்றார் என் கணவர்.

"இல்லை. நான்தான் ரேப் வெட்டிக் குடுத்தனான்" என்றேன். கராஜ்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் போனைத் திரைக்கு முன் பிடித்து அந்த எழுத்துகளை மொழிபெயர்த்துக் காட்டினார். பற்றறியைக் குளிர்விக்கும் பகுதியைக் கவனிக்கும்படிதான் அது இவ்வளவு நாளும் கெஞ்சியிருக்கிறது. பழுது பெரிதில்லை, வாகனம் பிழைத்துக்கொண்டது.

செத்த வீட்டில் அக்கா எங்களைக் கண்டதும் எழும்பி வந்து, சனங்களுக்கு முன்னால் இவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "கேட்ட உடனை பாதிச் சாப்பாட்டிலை எழும்பி வாகனம் எடுத்தவர். என்ரை விதி, நான் போய்ச் சேரேல்லை. உவையிலை ஒரு குறையும் இல்லை." சுற்றியிருந்தவர்கள் எங்களை நல்ல மனிதர்களாகப் பார்த்தார்கள். அக்காவின் பாதங்களில் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. இவர் பந்தலுக்கு வெளியே போய் நின்றார். வீட்டுக்கு வந்ததும் வாகனத்திலிருந்த பொலித்தீன், றெக்சின் எல்லாவற்றையும் கிழித்தெடுத்து முற்றத்தில் போட்டார். நான் உதவிக்குப் போகவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கீரிமலைக் கடற்கரைக்குப் போகவேண்டியிருந்தது. நான் சொல்லாமலே இவர் விடியவே முன்வீட்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"அக்கா, எங்கடை வாகனத்திலை போவம். ஒண்டும் பாக்க வேண்டாம், எல்லாரும் அப்பிடியே வந்து ஏறுங்கோ."

அக்கா பதறிப்போனார். "ஐயோ, வேண்டாம் தம்பி. முழுகிப்போட்டு ஈரத்தோடை, உப்பும் மண்ணுமா வருவம். நீங்கள் எவ்வளவு ஆசையா வைச்சிருக்கிற வாகனம், அது பழுதாப்போகும்."

பக்கத்துத் தோட்டக்காரரின் லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில், சாக்கு விரித்து, பேரப்பிள்ளைகளோடு ஏறி இருந்தார். எங்களைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்துவிட்டுப் போனார். இவர் கையில் வாகனத் திறப்போடு ஒழுங்கையில் நின்றார். அக்கா குத்திக்காட்டியிருந்தால் எங்களுக்கும் திருப்பிச் சொல்ல ஏதாவது வாய்த்திருக்கும். அவர் மனமார, உண்மையாகவே, எங்கள் வாகனத்துக்காக இரக்கப்பட்டார்.