த்வாண்டேயில் ஒரு பட்டத்து வாரிசு

இரண்டு வருஷத்துக்கு முந்தைய மாசியில், எங்கள் ஜமீன் ராஜா காலமான மூன்றாம் நாள், நான் ரங்கூனுக்குக் கிளம்பினேன். இளைய ராணி என் தங்கை. அவளுடைய ஒரே மகன் விஜயதுரை அப்பாவோடு முறைத்துக்கொண்டு பர்மாவுக்குப் போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது. எங்கள் பக்கம் பதினாறாம் நாள் கருமாதியில் தாய்மாமன் தலையில் உருமால் கட்டிவிடுகிற பிள்ளைதான் அடுத்த ராஜா. இவன் வராவிட்டால், மூத்த ராணி சுவீகாரம் எடுத்த ஏழு வயதுப் பையனுக்குப் பட்டம். என் தங்கை அரண்மனைப் பின்கட்டில் முடங்க வேண்டியதுதான்.

சென்னையிலிருந்து கப்பலில் டெக் டிக்கெட் பதினைந்து ரூபாய். கஜானாச் சாவி மூத்த ராணியின் மானேஜர் இடுப்பில் இருந்ததால், ராஜாவின் மைத்துனனாகிய நான் டெக்கில் கருவாட்டு மூட்டைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு போனேன். நான்காம் நாள் காலையில் ரங்கூன். லத்தா வட்டாரத்தில் ஒரு கடையில் சாப்பிட்டுவிட்டு, பையன் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்ட க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் போய் விசாரித்தேன்.

"விஜயண்ணனா? பொண்டாட்டி ஊருக்கு, த்வாண்டேக்குப் போயிருக்காரு. மாமனார் பானைச் சூளைக்காரர்" என்றார் டிக்கெட் கொடுக்கும் தமிழர். பொண்டாட்டியா என்று வாயைப் பிளந்தேன். "குழந்தையே இருக்குண்ணே!" என்று சிரித்தார்.

மறுநாள் காலை த்வாண்டேக்கு ஏழு மணி லாஞ்சுப் படகு, ஆறணா. ஏறக்குறைய மூன்று மணி நேரம். வாய்க்காலின் இருபுறமும் அறுவடையான வயல். எதிரே பானை ஏற்றிய படகுகள். வேறு நேரமாயிருந்தால் ரசித்திருப்பேன்.

சூளை வாசலில் கைலியும் மண் படிந்த கையுமாக நின்றவனைப் பார்த்ததும், மாமன் என்பதையும் மறந்து "மகாராஜா" என்று கும்பிட்டுவிட்டேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. "அப்பாவா மாமா?" என்றவன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான்.

மத்தியானம் தாழ்ந்த வட்ட மேஜையில் சோறு வைத்தார்கள். மாமனார், மனைவி மா தின், குழந்தை, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். அரண்மனைப் பழக்கத்தில் நான் ஒதுங்கி நின்றேன்.

"உக்காருங்க மாமா. அங்க அப்பா சாப்பிட்டு, பெரியம்மா சாப்பிட்டு, அப்புறந்தான் அம்மாவுக்கு இலை. அம்மா கூட ஒரு வேளை உக்காந்து சாப்பிட்டதில்ல நான்."

விஷயத்தைச் சொன்னேன். தமிழ் ஓரளவு தெரிந்த மா தின்னின் முகம் வெளுத்தது. "இவர் ராஜா ஆனா அந்தச் சின்னப் பையனைக் கொன்னுடுவாங்களா?" என்றாள். அவர்கள் நாட்டு அரண்மனைகளில் அதெல்லாம் நடந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாங்க கொல்ல மாட்டோம்மா, வக்கீல்தான் வைப்போம்."

"அப்ப அவன் எங்க போவான்?"

அதை நான் யோசித்ததே இல்லை. பேச்சை மாற்றினேன்.

விஜயன் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு, "அம்மாவுக்காக வரேன் மாமா. இவங்களும் கூட வருவாங்க" என்றான். பர்மாக்காரியோடு போய் இறங்கினால் மூத்த ராணியின் வக்கீலுக்கு வேலையே மிச்சம்; சாதி விட்டுக் கட்டியவனுக்குப் பட்டம் இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். "இவங்க அப்புறம் வரட்டும்ப்பா" என்றேன்.

"அப்ப நான் வரல. அம்மாவை இங்க கூட்டிட்டு வாங்க."

தாலியறுத்த ராணியை வாசல் தாண்ட விடுவார்களா? சாயங்கால லாஞ்சு வரும்வரை மன்றாடினேன். அவன் அசையவில்லை. மூவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். வழக்கில் தோற்றிருப்போம், தோற்றால் என்ன என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை.

த்வாண்டே போகிறவர்கள் காலை லாஞ்சிலேயே போங்கள். வெயில் ஏறினால் தகரக் கூரை காயும். குடிதண்ணீர் கையில் இருக்கட்டும். பர்மியர் வீட்டுப் படியிலேயே செருப்பைக் கழற்றிவிடுங்கள். சொந்தக்காரரை அழைத்துவரப் போகிறீர்களானால், அவருக்கு அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்பதை விசாரித்துவிட்டுக் கப்பல் ஏறுங்கள்.

நான் தனியாக ஊர் திரும்பியபோது தங்கையின் சாமான்கள் பின்கட்டுக்குப் போய்விட்டிருந்தன. அவள் பட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை. மகன் இளைத்திருக்கிறானா, மருமகள் நன்றாகச் சமைப்பாளா என்றெல்லாம் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

"பிள்ளைக்கு என்ன பேருண்ணே வச்சிருக்காங்க?"

ஒரு பகல் முழுக்க அந்த வீட்டில் இருந்தேன். குழந்தை என் மடியில் ஏறி மீசையைக்கூட இழுத்தது. பெயரை நான் கேட்கவே இல்லை.